பெரியப்பா பொட்டிக்கு மெமரி மாட்டுன வைபவம்

என்னடா, எல்லாரும் வந்தாச்சா? நல்லா உக்காருங்க. சிரிக்கறதுன்னா இப்பவே சிரிச்சு முடிச்சுக்கங்க, நடுவுல சிரிச்சா எனக்குப் பேச்சு அறுந்துபோகும். அப்புறம் இன்னொண்ணு. வெள்ளப்பாறைக்காரனுங்க முட்டாளுங்கன்னு எவனும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காரக் கூடாது. டிவி ரிமோட் வேலை செய்யலைன்னா பேட்டரியைக் கழட்டி, பல்லுல ஒரு கடி கடிச்சு, வெயில்ல காய வச்சு மறுபடி போடறவன் இந்தக் கூட்டத்துலயே இருக்கான். பேர் சொல்லல. அவனே இப்ப தலையக் குனிஞ்சுக்குவான், பாருங்க.

ராசிபுரம் தாண்டி வெள்ளப்பாறையில ஒரு ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ, எல்லாம் எடுப்பாங்க. முதலாளி செங்கோடன் அண்ணன். ட்ரோன் ஓட்டறது துரையன். ஆல்பம் ஒட்டறது பெலிக்ஸு. கம்ப்யூட்டர்ல உக்காந்து வீடியோ வெட்டி ஒட்டறது பரஞ்சோதி. இந்தப் பரஞ்சோதி இன்ஜினியரிங் சேர்ந்து பாதியில ஓடி வந்தவன். அதனால ஊருக்குள்ள அவனை அரை இன்ஜினியர்னு ஒரு மரியாதையா கூப்பிடுவாங்க. மீதி அரை எங்கன்னு யாரும் கேட்டதில்ல.

ஸ்டுடியோவுல இருந்த கம்ப்யூட்டர் சாதாரணப் பொட்டி இல்ல. பரஞ்சோதியோட பெரியப்பா நல்லுசாமி, கோழிப்பண்ணை வச்சிருக்கறவரு, தம்பி பையன் உருப்படட்டும்னு வெளிநாட்டுக் கம்பெனிப் பொட்டியா பார்த்து எறக்கிக் குடுத்தாரு. அது வந்து எறங்குன அன்னைக்கு செங்கோடன் அண்ணன் செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வந்தாரு. அப்படி ஒரு பொட்டி.

பொட்டியில ஏத்துன மொத வேலையே பெரியப்பா பொண்ணு யமுனாவோட கல்யாண வீடியோதான். நாலு கேமரா, மேல ஒரு ட்ரோன். எல்லாத்தையும் உள்ள போட்டா, பொட்டி நல்லாத்தான் ஓடும். முகூர்த்தக்கால் ஓடும், மாப்பிள்ளை அழைப்பு ஓடும், நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பற வரைக்கும் ஓடும். மாப்பிள்ளை தாலியை எடுத்து யமுனா கழுத்துகிட்ட கொண்டு போனதும் கப்புனு நின்னுடும். மறுபடி மொதல்ல இருந்து. மறுபடி அதே எடத்துல கப்பு.

மாசக்கணக்கா இப்படியே. பொட்டிக்குள்ள மாப்பிள்ளை தாலியைக் கையில புடிச்சுக்கிட்டே நிக்கிறாரு. வெளிய யமுனாவுக்கு வளைகாப்புக்கு நாள் குறிச்சாச்சு.

பெரியப்பா ஸ்டுடியோவுக்கே வந்துட்டாரு.

"ஏன்டா பரஞ்சோதி, உன் தங்கச்சி மாசமா இருக்காடா. இந்தப் பொட்டியில அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையேடா!"

"ஆயிரும் பெரியப்பா. இதோ, நெருங்கிட்டாரு."

"இங்க பாரு. வளைகாப்பு அன்னைக்கு சம்பந்தி வீட்டு ஆளுங்க முன்னாடி பெரிய திரையில வீடியோ ஓடணும். ஓடலை, பொட்டி பண்ணைக்கு வந்துரும். கூடவே நீயும் வந்துரு. தீவனம் போட்டு முட்டை பொறுக்கு."

பரஞ்சோதி ஒரு எடத்துல அஞ்சு நிமிசம் உக்காந்தா காலு குறுகுறுங்கற ஆளு. அவனை ஆயிரக்கணக்கான கோழிக்கு நடுவுல ஆயுசுக்கும் நிறுத்தறதுன்னா? அவனுக்கு அப்பவே மூக்குல தீவன வாசம் அடிச்சுது.

"பிரச்சினை என்னன்னா அண்ணே," அரை இன்ஜினியர் விளக்குனான். "மெமரி பத்தலை. வேலை செய்யற மேசை சின்னதா இருந்தா சாமானைப் பரப்ப முடியாதுல்ல? அந்த மாதிரி. மேசையைப் பெருசாக்கணும்."

செங்கோடன் அண்ணன் தலையாட்டிட்டுப் போனாரு. சாயங்காலமே ஆசாரியைக் கூட்டிட்டு வந்து கம்ப்யூட்டர் மேசையை ரெண்டடி நீட்டிட்டாரு. அப்பவும் மாப்பிள்ளை தாலி கட்டலை.

அப்புறம் அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கே போன் போட்டு மெமரி என்ன வெலைன்னு கேட்டாங்க. வெலையைக் கேட்டதும் அண்ணன் போனை மெதுவா மேசையில வச்சாரு. தண்ணி குடிச்சாரு. பொட்டியப் பார்த்து, இதுக்குக் கழட்டுன செருப்பைப் போட்டுக்கிட்டாரு.

வேற கம்பெனி மெமரி சல்லிசா கெடைக்கும்னு பெலிக்ஸுதான் சேலத்துல ஒரு கடையைப் புடிச்சான். கடையில பேசுனது ஹபீபா மேடம். தங்கமானவங்க. அவங்க சொன்ன எதுலயும் ஒரு தப்பு கெடையாது. இதை மட்டும் கடைசி வரைக்கும் மனசுல வச்சுக்கங்க.

"வேற கம்பெனி மெமரி தாராளமா போடலாம் சார். ஆனா எல்லாமே அந்த மெஷினுக்குச் சேராது. மாடல் நம்பர் வேணும். மெஷினுக்கு அடிப்பக்கம் ஸ்டிக்கர் இருக்கும், பார்த்துச் சொல்லுங்க."

சுலபம்தானே, பொட்டியைச் சாய்ச்சுப் பார்த்தா முடிஞ்சுது. பரஞ்சோதி சாய்க்கப் போனான்.

"நிறுத்துடா!" துரையன் கத்துனான். "வந்த அட்டைப் பொட்டியைப் பாரு. அம்புக்குறி போட்டிருக்கு. மேல பார்த்துதான் இருக்கணும். சாய்க்கக் கூடாது."

"அது வண்டியில வரும்போதுடா."

"வண்டியில வரும்போது மட்டும்னு எழுதியிருக்கா?"

எழுதலை. நாலு பேரும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானுங்க. எங்கயும் எழுதலை.

அதனால ரெண்டு மேசையை நடுவுல சந்து விட்டுப் போட்டு, பொட்டியை நிமிந்தபடியே தூக்கிக் குறுக்க வச்சு, பரஞ்சோதி கீழ மல்லாக்கப் படுத்து, லாரிக்கு அடியில மெக்கானிக் போற மாதிரி உள்ள போனான். மேல இருந்து தூசி கண்ணுல விழுந்துச்சு. இருந்தாலும் நம்பரைப் படிச்சுச் சொல்லிட்டான். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்த ஒரு அம்மா வாசல்ல நின்னு பார்த்துட்டு, "கம்ப்யூட்டருக்கு ஆயில் மாத்தறாங்க போல"ன்னு வெளிய போய் உக்காந்துச்சு.

நம்பர் கேட்ட ஹபீபா மேடம், "பழசுல ஒண்ணைக் கழட்டிக் கையோட எடுத்துட்டு வந்துருங்க, ஒப்பிட்டுப் பார்த்துத் தர்றேன். தங்க நெறத்துல ஒரு ஓரம் இருக்கும், அதுல மட்டும் கை படக் கூடாது, அடி படக் கூடாது"ன்னாங்க.

அடி படாம எதுல கொண்டு போறது? கோழிப்பண்ணை வீட்டுப் பையனுக்கு இதைச் சொல்லிக் குடுக்கணுமா? ஒரு முட்டை அட்டை கொண்டு வந்தான். அதுல நடுக்குழியில, வெரல் நீளத்துக்கு இருந்த மெமரியைக் குத்த வச்சு, பெலிக்ஸு மடியில வச்சுக்கிட்டான். நாலு பேரும் சேலம் பஸ்ல ஏறுனாங்க.

கண்டக்டர் வந்தாரு. "அட்டைக்கு லக்கேஜ் போடணும்."

"முட்டை இல்லீங்க."

"தெரியுது. முட்டையெல்லாம் எங்க?"

"இதுல முட்டையே இல்லீங்க. மெமரி மட்டும்தான்."

கண்டக்டர் ஒரு தடவை அட்டையைப் பார்த்தாரு, ஒரு தடவை நாலு பேர் மூஞ்சியையும் பார்த்தாரு. லக்கேஜ் போடாமலே போய்ட்டாரு. மனுசன்னா அவரு மனுசன்.

கடையில ஹபீபா மேடம் புது மெமரியை எடுத்துப் பழசுக்குப் பக்கத்துல வச்சாங்க. நாலு பேரும் குனிஞ்சு பார்த்தானுங்க.

"மேடம், இது பச்சை. அது கறுப்பு," அப்படின்னாரு செங்கோடன் அண்ணன்.

"கலர் முக்கியமில்ல சார். மேல இருக்கற நம்பர்தான் முக்கியம். பாருங்க, வேகம் ஒண்ணு, வகை ஒண்ணு."

துரையன் ட்ரோன் ஓட்டற ஆளு, கண்ணு கூர்மை. "மேடம், கீழ குட்டியா ஒரு நம்பர் இருக்கே. அது ரெண்டுலயும் வேற வேற."

"அது சீரியல் நம்பர். ஒவ்வொண்ணுக்கும் வேற வேறயாத்தான் இருக்கும்."

"அப்ப சேராதே."

ஹபீபா மேடம் மூச்சை இழுத்து விட்டாங்க. "தம்பி, நீங்களும் இவரும் ஒரே ஸ்டுடியோவுல சேர்ந்து வேலை செய்யலையா? உங்க ரெண்டு பேரு ஆதார் நம்பரும் ஒண்ணா?"

துரையனும் பெலிக்ஸும் பர்ஸை எடுத்து ஆதார் கார்டை மேசை மேல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தானுங்க. ஒவ்வொரு நம்பரா. துரையன் மூஞ்சி வாடிப்போச்சு.

"டேய் பெலிக்ஸு, இத்தனை வருசமா நாம எப்படிடா சேர்ந்து வேலை பார்த்தோம்?"

கடையை விட்டுக் கெளம்பும்போது மேடம் ஒரு பென்டிரைவும் குடுத்து, மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா சொன்னாங்க: "ஜோடியா ரெண்டு குடுத்திருக்கேன். மாட்டறதுக்கு முன்னாடி உடம்புல இருக்கற கரண்ட்டை எறக்கிடுங்க, இல்லைன்னா மெமரி போய்டும். தரையில ஊனியிருக்கற இரும்பு ஏதாவது இருந்தா தொட்டுக்கிட்டே செய்யுங்க. ரெண்டு கட்டை வெரலையும் ரெண்டு முனையில வச்சு சமமா அமுக்குங்க. டக்குனு சத்தம் வரும். வந்தாத்தான் உக்காந்துச்சுன்னு அர்த்தம். மாட்டுனதும் இந்தப் பென்டிரைவைப் போட்டு ஒரு டெஸ்ட் ஓட்டிருங்க."

ஸ்டுடியோவுக்கு வந்ததும் மொத விவாதம் கரண்ட்டைப் பத்தி.

"எங்கிட்ட இருக்காது," அப்படின்னாரு அண்ணன். "நான் காலைல இருந்து சாப்பிடவே இல்ல."

"உடம்புலயே கரண்ட் இருந்தா எதுக்குண்ணே ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஈ.பி. ஆபீசுல வரிசையில நிக்கிறோம்?" இது பெலிக்ஸு.

"இருக்கோ இல்லையோ, எறக்கிருவோம்," அப்படின்னான் பரஞ்சோதி. அவனுக்குக் கண்ணுக்கு முன்னாடி கோழி தெரிஞ்சுது. "தரையில ஊனியிருக்கற இரும்பு எது?"

பீரோ டைல்ஸ் மேல நிக்குது, ஊனலை. ஜன்னல் கம்பி செவுத்துல இருக்கு. ஷட்டர் மேல இருந்து தொங்குது. யோசிச்சு யோசிச்சு, ஊர்லயே நல்லா ஊனுன இரும்பு தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கற அடிபம்புதான்னு முடிவாச்சு. பாதாளத்துக்கே போகுது, அதைவிட என்ன வேணும்?

பொட்டி இங்க, பம்பு அங்க. பரஞ்சோதி ஒரு கையில மெமரி, இன்னொரு கையில அண்ணன் கையைப் புடிச்சான். அண்ணன் பெலிக்ஸு கையை, பெலிக்ஸு துரையன் கையை. துரையன் வாசப்படி கூட தாண்டலை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு இன்னும் வாசல்லயே காத்துக்கிட்டு இருந்த அம்மாவைக் கூப்பிட்டாங்க. பக்கத்து டெய்லரைக் கூப்பிட்டாங்க. டீக்கடையில இருந்தவங்க எல்லாரும் கிளாஸை வச்சுட்டு வந்தாங்க. கடைசி ஆளு பம்போட கைப்பிடியைத் தொட்டாரு.

தெருவுக்குக் குறுக்க இத்தனை பேரு கை கோத்து நின்னா, பார்க்கறவன் என்ன நெனைப்பான்? மனிதச் சங்கிலின்னுதான். கட்சிக்காரர் ஒருத்தர் புல்லட்டை ஓரங்கட்டிட்டு, எதுக்குன்னு கூட கேக்காம நடுவுல பூந்து கையைக் கோத்துக்கிட்டாரு. "வழங்கு வழங்கு!"ன்னு அவரு எடுத்துக் குடுக்க, டீக்கடை ஆளுங்க "உடனே வழங்கு!"ன்னாங்க. டவுன் பஸ் நின்னுபோச்சு. சப்-இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு.

"அனுமதி வாங்கினீங்களா? கோரிக்கை என்ன?"

கட்சிக்காரர் திரும்பி டெய்லரைக் கேட்டாரு. டெய்லர் அந்த அம்மாவை. அம்மா துரையனை. கேள்வி ஆள் ஆளா உள்ள போய், பதில் ஆள் ஆளா வெளிய வந்துச்சு: "கம்ப்யூட்டருக்கு மெமரி மாட்டறோம், உடம்புல இருக்கற கரண்ட் எறங்கணும், கையை விட்டா எல்லாம் போச்சு."

சப்-இன்ஸ்பெக்டர் லத்தியைப் பார்த்தாரு. கூட்டத்தைப் பார்த்தாரு. "கையை விட்டா கரண்ட் அடிக்குமா?"

"யாருக்குத் தெரியும் சார்?"

"சரி, சீக்கிரம் முடிங்க"ன்னு சொல்லிட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு அவரு ரெண்டடி தள்ளியே நின்னாரு.

உள்ள பரஞ்சோதிக்கு வேற சிக்கல். ரெண்டு கட்டை வெரலும் வேணும்னு மேடம் சொல்லியிருக்காங்க. ஒரு கை சங்கிலியில மாட்டியிருக்கு. அதனால ஒரு முனையில அவன் கட்டை வெரலு, மறு முனையில, கோத்த கையோட, அண்ணன் கட்டை வெரலு.

"சமமா அமுக்குங்கண்ணே."

"நான் சமமாத்தான்டா அமுக்கறேன், நீதான் கூட அமுக்கற."

"சத்தம் வரலையே."

"இரு, வரும்."

ரெண்டு பேரும் மூச்சைப் புடிச்சுக்கிட்டு அமுக்கிக்கிட்டே இருந்தாங்க. டக், டக்.

"வந்துருச்சுடா!" அண்ணன் கண்ணுல தண்ணி. சேதி ஆள் ஆளா வெளிய போச்சு. தெருவுல கைதட்டல். கட்சிக்காரர், "இது நம்ம ஒற்றுமைக்குக் கெடைச்ச வெற்றி"ன்னுட்டுப் புல்லட்ல ஏறிப் போனாரு.

பொட்டியை ஆன் பண்ணா, ஒண்ணுமே இல்ல. இருட்டு. செவுத்துல டியூப்லைட்டுக்குப் பின்னாடி இருந்த பல்லி மறுபடியும் சொல்லுச்சு: டக், டக்.

பரஞ்சோதி மேடத்துக்குப் போன் போட்டு நடந்ததை ஒண்ணு விடாம சொன்னான்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். மொதல்ல எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. அப்புறம் நீங்க மட்டும் ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுட்டு, ரெண்டு கையாலயும், பயப்படாம அமுக்குங்க."

எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னான். செங்கோடன் அண்ணனும் வீட்டுக்குப் போய்ட்டாரு. பெலிக்ஸும் துரையனும் கூட. சொன்னா சொன்னதுதான்.

தனியா நின்னு ரெண்டு கையாலயும் அமுக்குனான். டக்கு. நிமிந்து பல்லியைப் பார்த்தான், அது வாயை மூடிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டாவதும் டக்கு. பொட்டி உயிர் வந்து, புது மெமரியையும் சேர்த்து முழுக் கணக்கையும் காட்டுச்சு.

இந்த எடத்துல நம்ம ஆளு வீடியோவைப் போட்டிருந்தான்னா எல்லாரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனா மேடம் டெஸ்ட் ஓட்டச் சொல்லியிருக்காங்களே? மறுபடி போன் போட்டான்.

"ஆமா சார், வேற கம்பெனி மெமரி, ஒரு தடவை பார்த்துடறது நல்லது. தப்பு இருந்தா செவப்பா வரும், சரியா இருந்தா பச்சையில பாஸ்னு வரும். ஓடும்போது நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க."

பென்டிரைவைப் போட்டான். நீலத் திரையில நம்பரா ஓடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, நடுத்திரையில, கொட்டை எழுத்துல, பச்சைப் பசேல்னு: பாஸ்.

பரஞ்சோதி நாற்காலியில உக்காந்துட்டான். ரெண்டு வருசம் காலேஜ் போயும் இந்த வார்த்தையை அவன் இவ்வளவு கிட்டத்துல பார்த்ததில்ல. ஓடிப் போய் மூணு பேரையும் வீட்டுல இருந்து கூட்டிட்டு வந்தான். பெலிக்ஸு ஜிலேபி வாங்கிட்டு வந்தான். ஒவ்வொருத்தனா திரைக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டானுங்க.

நம்பர் மறுபடி ஓடுச்சு. மறுபடி பாஸ்.

"மறுபடியும்டா!" துரையன் துள்ளுனான். "அரியர் எல்லாத்தையும் க்ளியர் பண்ணுது!"

"டெஸ்ட் முடிஞ்சுதா?"ன்னாரு அண்ணன்.

"இல்லண்ணே, இன்னும் ஓடுது. நடுவுல நிறுத்தக் கூடாது."

காத்திருந்தாங்க. அன்னைக்கும் ஓடுச்சு, மறுநாளும் ஓடுச்சு. பாஸ், பாஸ், பாஸ். அதுக்குள்ள வளைகாப்பு நாளும் வந்துருச்சு.

"நிறுத்திட்டு வீடியோவைப் போட்டுரலாமாண்ணே?" பரஞ்சோதி கேட்டான்.

செங்கோடன் அண்ணன் ரொம்ப நேரம் யோசிச்சாரு. "பரீட்சை எழுதிக்கிட்டு இருக்கறவன் பேப்பரை நடுவுல புடுங்கினா என்னடா ஆவான்?"

"என்னை மாதிரி ஆவான்."

"அப்ப வேண்டாம். ஓடட்டும். போற வழியில முடிஞ்சாலும் முடியும்."

பெரியப்பா அனுப்புன கோழி வண்டியில, இன்வெர்ட்டர் பேட்டரியோட, முட்டை அட்டையை மெத்தையா அடுக்கி, பொட்டியை நிமித்தி வச்சு, ஓடிக்கிட்டு இருக்கறது நிக்காம மண்டபத்துக்குக் கொண்டு போனாங்க. வழியில பரஞ்சோதி கோழிக்கூண்டுல சாஞ்சுக்கிட்டு, இனிமே நமக்கு இதுதான் சொந்தம்பந்தம்னு எல்லா எறகையும் பார்த்துக்கிட்டே வந்தான்.

யமுனாவுக்கு ரெண்டு கையும் நெறைய வளையல் அடுக்கியாச்சு. சந்தனம் பூசியாச்சு. சம்பந்தி வீட்டு ஆளுங்க முன்வரிசையில. பெரியப்பா மைக்கைப் புடிச்சாரு. "இப்ப நம்ம பரஞ்சோதி... ம், போடுடா."

பெரிய திரைக்காரர் வயரைச் சொருகுனாரு. மண்டபத்துச் செவுரு அளவுக்கு நீலம். நம்பர் ஓடுச்சு. பெரியப்பா கழுத்து நரம்பு மெதுவா எந்திரிச்சுது. பரஞ்சோதி கண்ணை மூடிக்கிட்டான்.

பாஸ். ஆள் உயரப் பச்சை எழுத்து.

சம்பந்தியம்மா முன்னாடி சாஞ்சு படிச்சாங்க. "ஏனுங்க, இது ஸ்கேன் ரிப்போர்ட்டுங்களா?"

பெரியப்பா மைக்கைக் கீழ எறக்குனாரு.

"கொழந்தை பாஸாமுங்க!" சம்பந்தியம்மா எந்திரிச்சு நின்னு கையைத் தட்டுனாங்க. "எங்க குடும்பத்துல பத்தாவதே ஒருத்தரும் ஒரே தடவையில பாஸானதில்லீங்க. இது பொறக்கறதுக்கு முன்னாடியே ஆயிருச்சு பாருங்க!"

மண்டபமே தட்டுச்சு. நம்பர் ஓடி மறுபடி பாஸ் வந்துச்சு. "ரெட்டைக் கொழந்தையோ?"ன்னு பின்னாடி ஒரு குரல். மூணாவது தடவை வந்ததும் யமுனா மெரண்டு போய்த் தன் வயித்தையே பார்த்தா. மாப்பிள்ளை நாற்காலியைக் கெட்டியா புடிச்சுக்கிட்டாரு.

பெரியப்பா பரஞ்சோதியோட தோளை அமுக்கிப் புடிச்சு, சிரிச்ச மூஞ்சியாவே பல்லுக்குள்ள கேட்டாரு: "கல்யாண வீடியோ எங்கடா?"

"டெஸ்ட் முடியட்டும் பெரியப்பா."

"முட்டாப்பயலே!" அப்படின்னாரு. சம்பந்தியம்மா இன்னும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்களைப் பார்த்தாரு, திரையைப் பார்த்தாரு. "நிறுத்திக்கிறுத்தித் தொலைச்சுடாத. ஓடட்டும். நீ பண்ணைக்கு வர வேண்டாம், இந்தப் பொட்டிகிட்டயே கெட."

சாப்பாட்டுப் பந்தியில, மாசமா இருந்த ரெண்டு பொண்ணுங்க வந்து, அவங்க வளைகாப்புக்கும் இதே வீடியோதான் வேணும்னு செங்கோடன் அண்ணன்கிட்ட தேதி குடுத்துட்டுப் போனாங்க. இப்ப வெள்ளப்பாறை சுத்துவட்டாரத்துல இந்தப் பொட்டி ஓடாத வளைகாப்பு இல்ல. கோழி வண்டியில நிமிந்தபடியே போகும், பாஸ் போட்டுட்டு நிமிந்தபடியே வரும்.

யமுனாவுக்குப் பொண்ணு பொறந்து, நடந்து, பேசி, இப்ப எல்.கே.ஜி. போகுது. டெஸ்ட் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. எப்ப முடியும்னு கேக்கறீங்களா? நிறுத்தறதுக்கு ஏதோ ஒரு பட்டன் இருக்காம். அது எதுன்னு பரஞ்சோதிக்குத் தெரியாது. பரஞ்சோதி என்னடா பரஞ்சோதி, நான்தான்டா அது. எனக்குத்தான் தெரியாது.